ராமன் படம் கெதியாக எடுப்பது எப்படி? மாதிரி கொண்டுவருவோர் கேட்கும் கேள்விகள்

கல்லடிக் கடற்கரை மணல், மட்டக்களப்பு வாவித் தண்ணீரை வடித்த வடிதாள், அக்கரைப்பற்று அரிசி மாவு, குறுக்கே வெட்டிய குளிசை. ராமன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்க எங்கள் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வரும் மாதிரிகள் அநேகமாக இப்படித்தான் இருக்கும். கூடவே வரும் சந்தேகங்களும் மாறுவதில்லை. கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறோம். முதல் இரண்டையும் வாசித்துவிட்டால் மீதியை வேண்டிய இடத்தில் தொடங்கலாம்.

1. ராமன் படம் எண்டால் என்ன? சும்மா நுணுக்குக்காட்டியில எடுக்கிற படம்தானே?

இல்லை. சும்மா எடுக்கும் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் மட்டும்தான். ராமன் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஒரு முழு நிறமாலை இருக்கும். லேசர் ஒளி மாதிரியில் பட்டுச் சிதறும்போது மிகப் பெரும்பகுதி வந்த நிறத்திலேயே திரும்பும். கோடியில் ஒன்று அளவில் மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் சக்தியைக் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்பதை செ.மீ⁻¹ என்ற அலகில் சொல்வோம். பொலிஸ்டைரீன் என்றால் 1001இல் ஒரு கூர்மையான பீக் (நிறமாலையில் எழும் முகடு), கல்சைட்டு என்றால் 1086இல், மாப்பொருள் என்றால் 478இல். எந்தப் புள்ளியில் எந்த பீக் இருக்கிறது என்று நிறம் தீட்டினால் அதுதான் இரசாயனப் படம்.

1928இல் கல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் இதைக் கண்டபோது முதலில் சூரிய ஒளியையும், பிறகு பாதரச விளக்கையும் பயன்படுத்தினார்கள். ஒளித்தட்டில் ஒரு நிறமாலை பதியவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் நாம் இப்போது அலுத்துக்கொள்வது கொஞ்சம் அதிகம்தான்.

2. பொட்டளவு இடம், அதுக்கு ஏன் மூண்டு மணித்தியாலம்?

பெருக்கிப் பாருங்கள். 100 மைக்ரோமீற்றர் சதுரத்தை 1 மைக்ரோமீற்றர் இடைவெளியில் அளந்தால் 100 × 100, அதாவது 10,000 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு செக்கன் என்றால் 2 மணி 47 நிமிடம். லேசர் பவர், ஸ்டெப் (புள்ளிக்குப் புள்ளி இடைவெளி), எக்ஸ்போஷர் (ஒரு புள்ளியில் ஒளி சேர்க்கும் நேரம்) என்று கீழே வருகிற எல்லாமே இந்தப் பெருக்கலில் ஏதோ ஓர் எண்ணைக் குறைக்கும் வழிகள்தான்.

கணக்கில் தெரியாத ஒரு செலவும் இருக்கிறது. மாதிரியைத் தாங்கும் மேசை ஒவ்வொரு புள்ளிக்கும் நகர்ந்து, நின்று, ஆட்டம் அடங்க வேண்டும். கமரா படித்து முடிக்க வேண்டும். இது புள்ளிக்கு 0.1 செக்கன் என்றே வையுங்கள். எக்ஸ்போஷர் ஒரு செக்கனாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு, பெரிதாகத் தெரியாது. எக்ஸ்போஷரை 0.1 செக்கனாக்கினால் பாதி நேரம் வெறுமனே போகிறது. அதனால் எக்ஸ்போஷரைப் பத்தில் ஒன்றாக்கினாலும் வேலை பத்து மடங்கு வேகமாவதில்லை. மேசை நிற்காமல் ஓட, ஓட்டத்திலேயே கமரா படிக்கும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். காசு செலவில்லாத வேகம் அது ஒன்றுதான்.

3. லேசர் பவரைக் கூட்டினால் முடிஞ்சுதே?

கூட்டலாம், மாதிரி தாங்கும் வரைக்கும். 10 மில்லிவாற்று என்பது சின்ன எண். ஆனால் அதை 1 மைக்ரோமீற்றர் அகலப் புள்ளியில் குவித்தால் சதுர சென்ரிமீற்றருக்கு 12 இலட்சம் வாற்றுக்கு மேல் வரும். வெள்ளைக் குளிசை அதைத் தாங்கிவிடும். கறுப்பு மணல், டயர்த்தூள், நிறமூட்டிய பிளாஸ்ரிக் எல்லாம் கருகும்.

கருகியதைக் கண்டுபிடிப்பது எளிது: 1350 அருகிலும் 1580 அருகிலும் இரண்டு அகன்ற திமில்கள் எழும். அது கரி. அதை மாதிரியின் பீக் என்று நம்பி நூலகத்தில் (தெரிந்த பொருட்களின் நிறமாலைத் தொகுப்பில்) தேடுபவர்கள் நிறையப் பேர். புது மாதிரி என்றால் 0.5 மில்லிவாற்றில் தொடங்கி, ஒரே இடத்தில் பத்துத் தடவை அளவெடுங்கள். பத்தும் ஒன்றன் மேல் ஒன்று படிந்தால் பவரை இரட்டிப்பாக்கி, புது இடத்தில் மறுபடி. பீக் அகலத் தொடங்கினாலோ நிறமாலையின் அடித்தளம் ஏறத் தொடங்கினாலோ ஒரு படி கீழே இறங்கி நில்லுங்கள்.

4. 532 நல்லமா, 785 நல்லமா?

இவை நனோமீற்றரில் லேசரின் அலைநீளங்கள். ராமன் ஒளி அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். அதனால் அதே பவரில் 785ஐ விட 532 ஏறக்குறைய 4.7 மடங்கு ஒளி தரும். வேகம் மட்டுமே கேள்வி என்றால் 532தான்.

ஆனால் 532 புளோரொளிர்வையும், அதாவது லேசர் பட்டதும் மாதிரி தானே விடும் அகன்ற ஒளியையும், கிளப்பிவிடும். மஞ்சள் தூளை 532இல் வைத்தால் பீக் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கிய வேலி மாதிரி. வாவிச் சேறு, பாசி, கழுவாத மீன் குடல், இவையும் அப்படித்தான். அங்கே 785இல் மெதுவாக எடுப்பதே கடைசியில் கெதி. நிறமாலையில் பீக் தெரியாவிட்டால் ஆயிரம் புள்ளியைக் கெதியாக அளந்தும் பிரயோசனமில்லை. 532 மட்டும்தான் இருக்கிறது என்றால், ஒரே புள்ளியில் சில நிமிடம் லேசரை விட்டுப் பார்க்கலாம். புளோரொளிர்வு சில மாதிரிகளில் வெளிறித் தணியும். ஒரு புள்ளிக்கு இது சரி, முழுப் படத்துக்குச் சரிவராது.

5. புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு இடைவெளி விடணும்?

ஸ்டெப்பைப் பாதியாக்கினால் நேரம் நான்கு மடங்காகும். இந்த ஒரு எண்ணில்தான் அதிகம் வீணாகிறது. வில்லையின் பக்கத்தில் 0.9, 0.4, 0.25 என்று எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். அலைநீளத்தை 1.22ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் லேசர்ப் புள்ளியின் அகலம் வரும். 532இல் 0.9 வில்லைக்கு 0.72 மைக்ரோமீற்றர், 0.25 வில்லைக்கு 2.6 மைக்ரோமீற்றர். அகலத்தில் பாதிக்கும் கீழே ஸ்டெப் வைப்பதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

அதற்கும் முன்னால், நீங்கள் தேடுவது எவ்வளவு பெரிது என்று கேளுங்கள். 50 மைக்ரோமீற்றர்த் துணிக்கையைத் தேட 1 மைக்ரோமீற்றர் ஸ்டெப் எதற்கு? முதலில் 20 மைக்ரோமீற்றரில் ஓடி, எங்கே என்ன இருக்கிறது என்று கண்டபின், அந்த இடத்தை மட்டும் நெருக்கமாக எடுங்கள்.

6. எக்ஸ்போஷரை எதை வச்சு முடிவு பண்றது? எல்லாரும் ஒரு செக்கன் எண்டு போடுறாங்க.

பழக்கத்தில் போடுகிறார்கள். சரியான வழி, படத்தில் மிக மங்கலாக வரப்போகும் பொருளின் மேல் லேசரை வைத்து 0.05, 0.1, 0.2, 0.5, 1 செக்கன் என்று எடுத்துப் பார்ப்பது. நீங்கள் தேடும் பீக்கின் உயரம் இரைச்சலின் (நிறமாலையின் ஒழுங்கற்ற நடுக்கத்தின்) மூன்று மடங்குக்குக் கீழே போனால் படம் உப்புத் தூவியது போல் சிதறும். அதற்குக் கொஞ்சம் மேலே நில்லுங்கள்.

ஒளி எண்ணிக்கையின் இரைச்சல் நேரத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது. படத்தை இரண்டு மடங்கு தெளிவாக்க நான்கு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். இதையே திருப்பிப் பார்த்தால், தெளிவில் பாதியை விட்டுக்கொடுத்தால் நேரத்தில் முக்கால் பங்கு மிச்சம். இது பொலிஎதிலீனா, பொலிஸ்டைரீனா என்று பிரிக்க மட்டும் என்றால் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். பீக் அரை செ.மீ⁻¹ நகர்ந்ததா என்று பார்க்க என்றால் கூடாது.

7. கோடு கோடா எடுக்கிற கருவி நூறு மடங்கு கெதி எண்டு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. லேசரைப் புள்ளியாகக் குவிக்காமல் ஒரு கோடாக விரித்து, அந்தக் கோட்டை நிறமாலைமானியின் பிளவோடு பொருத்துகிறார்கள். சீசீடி கமராவின் ஒவ்வொரு கிடைவரிசையும் கோட்டின் ஓர் இடத்து நிறமாலையைப் பதியும். 2ஆம் பதிலில் சொன்ன 10,000 புள்ளிகள் 100 கோடுகளாகும். கோட்டுக்கு ஒரு செக்கன் என்றால் மேசை நகரும் நேரத்தையும் சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள் முடியும்.

ஆனால் நூறு புள்ளிக்கும் சேர்த்து இருப்பது ஒரே லேசர். புள்ளிக்குக் கிடைக்கும் பவர் நூறில் ஒன்று. அதே பவரில் விரித்தால் லாபம் மேசை நகரும் நேரத்தில் மட்டும்தான். 3ஆம் பதிலில் சொன்ன கருகும் எல்லைதான் இங்கே கைகொடுக்கிறது. புள்ளியில் 5 மில்லிவாற்றுக்கு மேல் தாங்காத மாதிரி, 300 மில்லிவாற்றுக் கோட்டைத் தாங்கும், அது பரவிக் கிடப்பதால். ஆகவே பெரிய லேசரைச் சும்மா குறைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்குக் கோடு நல்ல லாபம், சின்ன லேசர் உள்ளவர்களுக்கு அவ்வளவில்லை.

இன்னொன்று, கோட்டின் இரு முனையும் நடுவை விட மங்கல். திருத்தாமல் விட்டால் படத்தில் பட்டை பட்டையாக வரும், அதைப் பொருளின் செறிவு என்று வாசித்துவிடுவீர்கள். சுத்தமான சிலிக்கன் துண்டை அதே கோட்டில் அளந்து, ஒவ்வொரு வரிசையையும் அதன் சிலிக்கன் பீக்கின் உயரத்தால் வகுத்துவிடுங்கள்.

8. கிரேட்டிங்கை மாத்தினாலும் நேரம் குறையுமா?

குறையும். கிரேட்டிங் என்பது ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கோடிட்ட தட்டு, பலர் அதைத் தொடுவதே இல்லை. மில்லிமீற்றருக்கு 1800 கோடுள்ள கிரேட்டிங் நுணுக்கமாகப் பிரிக்கும், ஆனால் ஒரு தடவையில் நிறமாலையின் ஒரு துண்டு மட்டுமே கமராவில் விழும். 100 முதல் 3200 செ.மீ⁻¹ வரை வேண்டுமென்றால் துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும், ஒவ்வொரு புள்ளியிலும். 600 அல்லது 300 கோடுள்ளதைப் போட்டால் முழுதும் ஒரே தடவையில் விழக்கூடும், ஒளியும் குறைந்த பிக்சல்களில் குவியும். பொருளை அடையாளம் காண அது போதும்.

9. ஈஎம்சீசீடி கமரா வாங்கினால் எல்லாம் சரியாகுமா?

ஈஎம்சீசீடி என்பது மங்கலான ஒளியின் பதிவைத் தனக்குள்ளேயே பெருக்கும் கமரா. ஒளியைப் படிக்கும்போது கமரா தானே சேர்க்கும் இரைச்சல்தான் தடையாக இருந்தால் சரியாகும். அதாவது மிகச் சின்ன எக்ஸ்போஷர், மிக மங்கலான ஒளி. உங்கள் நிறமாலை புளோரொளிர்வு மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் இரைச்சல் ஒளியிலிருந்தே வருகிறது. பெருக்கும் கமரா அந்த இரைச்சலையும் பெருக்கி, தன் பங்குக்கு ஏறக்குறைய 1.4 மடங்கு கூட்டியும் விடும். அந்தக் காசுக்கு 785 லேசர் வாங்கலாம்.

10. வாவித் தண்ணியில பிளாஸ்ரிக் துணிக்கை எண்ணணும். முழு வடிதாளையும் ஸ்கேன் பண்ணித் தாங்க.

இதைத்தான் மிக அதிகம் கேட்கிறார்கள், எங்கள் பதில் அநேகமாக ‘வேண்டாம்’. 10 மில்லிமீற்றர் சதுர வடி ஒன்றை 10 மைக்ரோமீற்றர் ஸ்டெப்பில் ஓட்டினால் பத்து இலட்சம் புள்ளி. ஒரு செக்கன் வீதம் 11 நாள் 14 மணித்தியாலம். அதில் பெரும்பகுதி வெறும் வடியைத்தான் அளந்திருப்பீர்கள்.

இருட்டுப் பின்னணி வெளிச்சத்தில் முழு வடியையும் முதலில் படமெடுங்கள். துணிக்கைகள் கறுப்பில் வெள்ளையாக மின்னும். மென்பொருள் அவற்றின் நடுப்புள்ளியைக் குறித்துத் தரும், லேசர் அங்கே மட்டும் போகும். 2,000 துணிக்கை, மூன்று செக்கன் வீதம், ஒரு மணி நாற்பது நிமிடம். குறை என்னவென்றால் ஒட்டிக்கிடக்கும் இரண்டை ஒன்றாக எண்ணும், கண்ணாடி போன்ற மெல்லிய ஏடுகளைத் தவறவிடும். அதனால் வடியின் நாலைந்து இடங்களை மட்டும் கோடு முறையில் முழுதாக ஓட்டி, எத்தனை தவறியது என்று சரிபாருங்கள். இடங்களை நடுவிலும் விளிம்பிலும் கலந்து எடுக்க வேண்டும். துணிக்கைகள் வடியில் ஒரே சீராக விழுவதில்லை.

வேகத்தில் பாதி, கருவிக்கு வருமுன் முடிவாகிறது. கண்டல் இலைத்தூளும் பாசியும் போகாத வடியில் பத்தில் ஒன்பது துணிக்கை பிளாஸ்ரிக்காகவே இராது. 30 சதவீத ஐதரசன் பரவொட்சைட்டில் இரும்பு உப்புச் சேர்த்து அவற்றைச் சிதைத்துவிடுங்கள். கலவை தானாகச் சூடேறும், பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து 50 பாகைக்குக் கீழே பிடியுங்கள். மணலைப் பிரிக்கக் கறியுப்பின் நிறைகரைசல் போதும் என்று நினைப்பார்கள். அதன் அடர்த்தி 1.2. பொலிஎதிலீன், பொலிபுரொப்பிலீன், நைலோன் மிதக்கும். தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெற் (PET) பிளாஸ்ரிக், 1.38, அடியில் போய் மணலோடு நின்றுவிடும். அதற்கு நாகக் குளோரைட்டுக் கரைசல், 1.5க்கு மேல். அது நீருயிர்களுக்கு நஞ்சு. வடித்துத் திரும்பப் பாவியுங்கள், தொட்டியில் ஊற்றினால் கடைசியில் அதே வாவிக்குத்தான் போகும்.

11. நீல நூல் எல்லாம் பிளாஸ்ரிக் எண்டு கண்ணுக்கே தெரியுது. கருவி மட்டும் வேற பேர் சொல்லுது. ஏன்?

வலை நூல், கயிறு, பெயின்ற் செதில் எல்லாவற்றிலும் இந்த வில்லங்கம் உண்டு. நீல நிறமூட்டியான செப்பு தலோசயனின் சிறிதளவு இருந்தாலே பிளாஸ்ரிக்கை மறைத்துவிடும். 680, 747, 1340, 1527 அருகில் பீக் கண்டால் நீங்கள் பார்ப்பது சாயத்தை. பொலிஎதிலீனின் 2848, 2882 இரண்டும் உயரத்தில் தனியாக இருப்பதால் சாயத்துக்கிடையிலும் தப்பி நிற்கும். நைலோனிலும் பொலிபுரொப்பிலீனிலும் 2800 முதல் 3000 வரையுள்ள பகுதியின் வடிவத்தைப் பாருங்கள். 8ஆம் பதிலில் அகன்ற வீச்சை எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இழுத்து நூற்ற நூலில் மூலக்கூறுகள் ஒரே திசையில் படுத்திருக்கும். லேசரின் முனைவாக்கத் திசைக்கு (ஒளியலை அதிரும் திசைக்கு) நேராக வைத்ததற்கும் குறுக்காக வைத்ததற்கும் பீக் உயரங்கள் மாறும், நூலகப் பொருத்தம் குறையும். நூலை 90 பாகை திருப்பி இன்னொன்று எடுத்துக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

12. மாதிரியை எதில வைக்கிறது? கண்ணாடி வழுக்கி போதாதா?

532இல் சமாளிக்கலாம். 785இல் சாதாரணக் கண்ணாடி 1400ஐச் சுற்றி ஒரு பெரிய திமிலைக் கிளப்பும், மங்கலான மாதிரி அதற்குள் புதைந்துவிடும். சமையலறை அலுமினியத் தாளை வழுக்கியில் சுருக்கமில்லாமல் ஒட்டி அதில் வையுங்கள். மலிவு, சுத்தம், தனக்கென்று பீக் இல்லை. வடி என்றால் சிலிக்கன் அல்லது உலோகம் பூசியது நல்லது. செலுலோசு நைத்திரேற்று வடிதாள் தன் பீக்கையே பாடிக்கொண்டிருக்கும்.

13. குளிசையின்ர ஒரு பக்கம் நல்லா வருது, மறுபக்கம் வெறுமையா இருக்கு. மருந்து அங்க இல்லையா?

மருந்து இருக்கிறது, குவியம்தான் இல்லை. ஒரு பாகை சாய்ந்தால் ஒரு மில்லிமீற்றர் தூரத்தில் 17 மைக்ரோமீற்றர் உயரம் மாறும். 0.9 வில்லையின் குவிய ஆழம் ஒரு மைக்ரோமீற்றர்கூட இல்லை. 0.4 வில்லைக்கு மாறினால் மூன்று மைக்ரோமீற்றருக்குச் சற்று மேல். மீதியை மூன்று மூலைகளில் குவியம் பிடித்து, மென்பொருளில் சாய்தளம் கணக்கிட்டு ஈடுகட்டலாம். புள்ளிக்குப் புள்ளி தானியங்கிக் குவியம் போட்டால் படம் அழகாக வரும், வேகம் போய்விடும்.

குளிசையைப் புது பிளேட்டால் செதுக்கித் தட்டையாக்குங்கள். தண்ணீர் தொட்டு அரைக்கக் கூடாது. மருந்து கரைந்து வேறு இடத்தில் பளிங்காகும், நீங்கள் அளப்பது நீங்களே செய்த படத்தை.

14. அரிசி மாவில 480 கிட்ட ஊசி மாதிரி ஒரு பீக். மாப்பொருள்தானே?

அறையில் பழைய ரியூப் லைற் எரிகிறதா? அதற்குள் இருக்கும் பாதரசம் 546.1 நனோமீற்றரில் ஒரு கோடு விடும். 532 லேசரில் அது 480 செ.மீ⁻¹ஐ ஒட்டி வந்து விழும், மாப்பொருளின் 478க்குப் பக்கத்திலேயே. லேசரை மூடிவிட்டு ஒன்று எடுங்கள். அப்போதும் நின்றால் அது விளக்கு. மாப்பொருளின் பீக் அகலமானது, விளக்கின் கோடு ஒல்லி.

இதே சந்தேகம் கனிம மணலிலும் வரும். புல்மோட்டை வகை மணலில் உள்ள சேர்க்கன் என்ற கனிமத்தில் அருமண் மூலகங்கள் 785இல் ஒளிர்ந்து, பீக் போலவே நிற்கும். லேசரை மாற்றிப் பாருங்கள். ராமன் பீக் செ.மீ⁻¹இல் அதே இடத்தில் நிற்கும், ஒளிர்வு இடம் மாறும் அல்லது காணாமல் போகும். சேர்க்கனின் சொந்த பீக் 1008இல் இருக்கிறது, அது அசையாது.

15. இரைச்சலா எடுத்திட்டு, பிறகு மென்பொருளில துப்பரவாக்கலாம்தானே? பிசிஏ இருக்கே.

ஓரளவு. பிசிஏ என்பது முதன்மைக் கூறு பகுப்பாய்வு, எல்லா நிறமாலைகளுக்கும் பொதுவான சில வடிவங்களைப் பிரித்தெடுக்கும் கணக்கு. 10,000 நிறமாலைகளிலும் ஒரே நாலைந்து பொருள்தான் கலந்து கலந்து வருகிறது என்றால், முதன்மைக் கூறுகள் சிலதை மட்டும் வைத்து மீதியை எறிவது இரைச்சலை நன்றாகவே குறைக்கும். எக்ஸ்போஷரைப் பல மடங்கு குறைத்து எடுப்பவர்கள் இதை நம்பித்தான் எடுக்கிறார்கள்.

ஆபத்து அரிதான பொருளில். பத்தாயிரத்தில் ஐந்து புள்ளியில் மட்டும் இருக்கும் ஒன்றைப் பிசிஏ இரைச்சல் என்று எறிந்துவிடும். எறிந்த மீதியையும் படமாகப் போட்டுப் பாருங்கள், அதில் ஏதாவது உருவம் தெரிந்தால் அதிகம் எறிந்துவிட்டீர்கள். அண்டக்கதிர் பட்டு வரும் ஊசிக்கோடுகளை முதலே நீக்குங்கள், இல்லாவிட்டால் அவையே ஒரு கூறாக வந்து உட்காரும். நிற அளவையும் கவனியுங்கள். மென்பொருளைத் தன்பாட்டில் விட்டால் வெறும் இரைச்சலைக்கூடச் சிவப்பு நீலமாக விரித்துக் காட்டும்.

16. எஸ்ஆர்எஸ் எண்டு ஒண்டு வந்திருக்காம், வீடியோ மாதிரி ஓடுமாம். நாங்கள் ஏன் இன்னும் இதோட மல்லுக்கட்டுறம்?

எஸ்ஆர்எஸ் என்பது தூண்டிய ராமன் சிதறல். இரண்டு துடிப்பு லேசர்களின் சக்தி வித்தியாசத்தை ஒரு அதிர்வுக்குச் சரியாகப் பொருத்துவார்கள். அந்த அதிர்வு இருக்கும் இடத்தில் ஒரு கதிரிலிருந்து மற்றதற்குச் சக்தி மாறும், அந்தச் சிறு மாற்றத்தை அளப்பார்கள். 2008இல் உயிர்க்கலப் படங்களுக்கு வந்தது, இரண்டு ஆண்டில் வீடியோ வேகத்தையும் தொட்டது. கொழுப்புக்கு 2845இல் வைத்தால் கலத்துக்குள் கொழுப்புத் துளிகள் ஓடுவதையே பார்க்கலாம்.

ஆனால் அது பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு பீக்கைத்தான் பார்க்கிறது. என்ன தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வாவியிலிருந்து வந்த பெயர் தெரியாத துணிக்கைக்கு முழு நிறமாலைதான் வேண்டும். ஒளியை இறுக உறிஞ்சும் கறுப்புத் துணிக்கை அதிலும் கருகும்.

17. மாரி மழைக்காலத்தில அளவு பிசகுது. கருவி பழுதா?

பெரும்பாலும் அறை. கார்த்திகை, மார்கழியில் காற்றின் ஈரமும் ஏசி நின்று நின்று ஓடுவதும் நிறமாலைமானியை மெல்ல நகர்த்தும். நீண்ட படத்துக்கு முன்னும் பின்னும் சிலிக்கனை அளந்து அதன் பீக் 520.5 செ.மீ⁻¹இல் நிற்கிறதா பாருங்கள். நடுவில் அரை செ.மீ⁻¹க்கு மேல் நகர்ந்திருந்தால், அந்தப் படத்தின் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் ஒப்பிடாதீர்கள். வில்லைகளைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். கடலோரத்தில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மாரி போதும், பிடித்தால் துடைத்துப் போகாது.

கரண்ட் போவதற்கு யூபிஎஸ் அவசியம். அதைவிட முக்கியம், ஒவ்வொரு வரிசை முடியவும் கோப்பைச் சேமிக்கும்படி மென்பொருளை அமைப்பது.

18. ரிப்போர்ட்டில என்னென்ன எழுதணும்? ‘ராமன் படம் எடுக்கப்பட்டது’ எண்டு போட்டால் காணாதா?

காணாது. லேசர் அலைநீளம், மாதிரியின் மேல் விழுந்த பவர் (லேசரில் எழுதியிருப்பது அல்ல, வில்லைக்குக் கீழே மானி வைத்து அளந்தது), வில்லையில் எழுதியிருக்கும் 0.9 போன்ற எண், ஸ்டெப், எக்ஸ்போஷர், கிரேட்டிங், புள்ளியா கோடா, மொத்தம் எடுத்த நேரம், பிறகு செய்த அடித்தளத் திருத்தமும் இரைச்சல் நீக்கமும் எழுதுங்கள். துணிக்கை எண்ணிக்கை என்றால், வடியில் எத்தனை பங்கு அளந்தீர்கள், வெற்று வடியில் எத்தனை வந்தது என்பதும் வேண்டும்.

திருத்தாத மூலக்கோப்பை அழிக்காதீர்கள். 10,000 நிறமாலை, ஒவ்வொன்றிலும் 1,024 எண், ஏறக்குறைய 41 மெகாபைற்று. ஒரு பென் டிரைவில் நூற்றுக்கணக்கில் கொள்ளும்.